பாலும் பணமும் உடம்பும்
பெண்கள் கூட்டுறவு கடந்து வந்த பாதை



நம் கூட்டமைப்பு எவ்வளவு சேமித்தது, எவ்வளவு கடன் கொடுத்தது என்ற கணக்கெல்லாம் இந்த மலரின் மற்ற பக்கங்களில் இருக்கிறது. இந்தக் கட்டுரை இன்னொரு கணக்கைப் பற்றியது. குழுவில் ஒருத்தி தவணை கட்டத் தவறினால் நோட்டில் "பாக்கி" என்று எழுதுகிறோம். ஏன் பாக்கி என்று எழுத அதில் இடம் கிடையாது. கூட்டத்தில் இரண்டு பேர் முணுமுணுப்பார்கள், ஊக்குநர் வீட்டுக்குப் போய்க் கேட்பார், அதோடு சரி.

சுமார் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் குஜராத்தில் ஏழைப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். கடன் திரும்பி வராதபோது அவர்கள் "ஏன்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். கிடைத்த பதில் கூட்டுறவு என்றால் என்ன என்பதையே மாற்றிவிட்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே, பாலிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும்.

மாடு கறந்தது யார், பெயர் யாருக்கு?

குஜராத்தில் கேடா என்று ஒரு மாவட்டம். 1940-களில் அங்கே எருமை வைத்திருந்தவர்கள் ஏஜெண்டு சொன்ன விலைக்குத்தான் பால் ஊற்ற வேண்டும். பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை ஒரே ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது. நெல்லையாவது விலை வரும்வரை மூட்டை கட்டி வைக்கலாம், பாலை வைக்க முடியுமா? பொழுது சாய்ந்தால் திரிந்துவிடும். அதனால் ஏஜெண்டு வைத்ததே சட்டம்.

1946-ல் அந்த ஊர்க்காரர்கள் ஒன்று சேர்ந்து பதினைந்து நாள் கம்பெனிக்குப் பால் ஊற்ற மறுத்தார்கள். பம்பாய்க்குப் போகிற பால் நின்றது, அரசு இறங்கி வந்தது. அதே வருஷம் டிசம்பரில் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. ஆரம்பத்தில் இரண்டே ஊர்ச் சங்கங்கள், நாளைக்கு சுமார் 250 லிட்டர் பால். திரிபுவன்தாஸ் படேல் தலைவர். 1949-ல் வர்கீஸ் குரியன் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் நம் சென்னையில் லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அந்த ஒன்றியம்தான் பிறகு அமுல் என்று நாடு முழுக்கத் தெரிந்தது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தபோது அந்த மாதிரியிலேயே மற்ற மாநிலங்களிலும் ஊருக்கு ஊர் பால் சொசைட்டி வந்தது.

இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்கணும். மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுவது, தண்ணி காட்டுவது, சாணி அள்ளுவது, விடியற்காலையில் எழுந்து கறப்பது எல்லாம் பெண். சொசைட்டி உறுப்பினர் புத்தகத்தில் இருந்த பெயர் பெரும்பாலும் ஆணுடையது. குடும்பத்துக்கு ஒரு உறுப்பினர் என்று வந்தால் வீட்டு ஆம்பளை பெயரை எழுதுவதுதான் வழக்கம். பெயர் இருக்கிறவருக்குத்தான் மகாசபையில் ஓட்டு, போனஸும் அவர் பெயரில்தான். நம்ம ஊர்லயும் ரொம்ப நாள் இப்படித்தான் நடந்தது, இன்னும் நடக்கிற இடமும் உண்டு.

ஆனாலும் அந்தப் பால் சங்கத்திலிருந்தே பெண்கள் உடம்புக்கு ஒரு நல்லது பிறந்தது. திரிபுவன்தாஸ் படேல் 1970-களின் தொடக்கத்தில் தலைவர் பதவியை விட்டு விலகினார். அப்போது உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு சுமார் 6 லட்சம் ரூபாயை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அவர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், கிராமத்துத் தாய்மார்கள், குழந்தைகள் உடல்நலத்துக்காக ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். அந்த அறக்கட்டளை ஊர்ப் பால் சொசைட்டி வழியாகவே வேலை செய்தது. ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்தார். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தையை எடை போடுவது, சாதாரண நோய்க்கு மருந்து கொடுப்பது அவர் வேலை.

சொசைட்டியில் சினை மாட்டுக்குக் கூடுதலாகத் தீவனம் வைக்கச் சொல்வார்கள், நாமும் தவறாமல் வைக்கிறோம். வீட்டில் மாசமாக இருக்கிற மருமகளுக்கு அதே மாதிரி கூடுதலாக ஒரு கவளம் வைக்கிறோமா என்று கேட்டால் பல வீட்டில் பதில் வராது. பால் சங்கமும் தாய்சேய் நலமும் ஒரே வாசலில் வந்தால் அந்தக் கேள்வி தானாக எழும்.

பத்து ரூபாய் பங்கு

கேடாவுக்குப் பக்கத்தில்தான் ஆமதாபாத் நகரம். அங்கே காய்கறிக் கூடைக்காரி, பழைய துணி வாங்கி விற்பவர், தலைச்சுமை தூக்குபவர், பீடி சுற்றுபவர் என்று ஏகப்பட்ட பெண்கள். இவர்களுக்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. அதனால் சங்கம் வைக்க முடியாது என்று முதலில் தொழிலாளர் துறை சொன்னது. வழக்கறிஞரான இலா பட் விடவில்லை. யாரை எதிர்த்துச் சங்கம் என்று பார்க்காதீர்கள், எங்கள் பெண்கள் ஒன்று சேர்வதற்காகத்தான் சங்கம் என்று வாதாடினார். 1972-ல் 'சேவா' என்ற சுயதொழில் பெண்கள் சங்கம் பதிவானது.

அந்தப் பெண்களின் பெரிய தொல்லை வட்டி. காலையில் வாங்கிய பணத்தைச் சாயங்காலம் வட்டியோடு கொடுக்க வேண்டும். நம்ம பக்கத்துத் தண்டல்காரரை நினைத்தால் போதும், விளக்கம் தேவையில்லை. பெரிய வங்கிகள் இவர்களை மதிக்கவில்லை. ஆகவே நமக்கே ஒரு வங்கி வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டுக் கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். எழுத்தறிவில்லாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பாஸ் புத்தகத்தில் பெயரோடு புகைப்படமும் ஒட்டினார்கள், படிக்காதவரும் தன் புத்தகம் எது என்று அடையாளம் கண்டுகொள்வதற்காக.

கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்த நம் மூத்த உறுப்பினர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தப் புத்தகம் அவள் பெயரில் இருந்தது, பணமும் அவள் கேட்டால்தான் வெளியே வரும்.

தவணை ஏன் நின்றது?

வங்கி நன்றாகத்தான் நடந்தது. பெரும்பாலானவர்கள் ஒழுங்காகக் கட்டினார்கள். கட்டாத சிலர் யார், என்ன காரணம் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். ஏமாற்றியவர்கள் இருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அங்கே கிடைத்த பதில் நோய். தனக்கு உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் வீட்டில் ஒருவருக்குச் சரியில்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது, மருந்துச் செலவு வேறு. சில பெயர்களுக்கு நேரே கணக்கை முடிக்கவே வழியில்லாமல் போயிருந்தது, ஏனென்றால் அந்தப் பெண் உயிரோடு இல்லை. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பிரசவத்தில் இறந்தவர்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்கணும். மாடு வாங்கக் கடன் கொடுக்கிறோம், அவள் மாட்டை நன்றாக வைத்துக்கொள்கிறாள். பிரசவத்தில் ஒரு சிக்கல் வந்தால் மாடும் போகிறது, கடனும் நிற்கிறது, குழந்தைக்குத் தாயும் இல்லை. ஆகவே கடன் மட்டும் கொடுக்கிற வங்கி போதாது என்று சேவா பெண்கள் முடிவுக்கு வந்தார்கள். 1970-களிலேயே பேறுகாலப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கவனிப்பு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கையில் கொஞ்சம் பணம், ஊர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி என்று அது வளர்ந்தது.

நிலம் இல்லாத விவசாயிகள்

நகரத்தில் தொடங்கிய சங்கம் 1970-களின் பிற்பகுதியில் கிராமத்துக்குப் போனது. ஆமதாபாத் மாவட்டத்தில் தோல்கா வட்டாரத்து விவசாயக் கூலிப் பெண்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கேட்கலாம் என்று போனார்கள். கூலி கேட்டால் நிலக்காரர் வேலையே கொடுக்க மாட்டார், ஆளுக்கா பஞ்சம் என்பார். வேறு வருமானம் இல்லாதவளால் கூலியைப் பேசி வாங்க முடியாது என்று அங்கே தெரிந்தது. அதற்குப் பிறகு சேவா கூலியோடு வேறு வேலையையும் சேர்த்துப் பேசியது. பெண்களே உறுப்பினர்களான பால் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இந்த முறை புத்தகத்தில் பெண்ணின் பெயர் இருந்தது. இரண்டு வேளைப் பால் காசு வீட்டுக்கு வந்தால், நிலக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

மேசானா மாவட்டத்தில் கணேஷ்புரா என்ற ஊரில் 1980-களில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். நிலமில்லாத பெண்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் தரிசு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால் புறம்போக்கு, யாருக்கும் ஆகாத மேடு. மரம் வளர்க்கும் கூட்டுறவாகப் பதிவு செய்யப் போனபோது, சொந்த நிலமில்லாதவர்கள் எப்படி விவசாயக் கூட்டுறவு வைக்க முடியும் என்ற கேள்வி வந்தது. அலைந்து அலைந்துதான் 'வனலட்சுமி' என்ற அந்தச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். நிலத்தைத் திருத்தி மரம் வைத்தார்கள், தீவனப் புல்லும் காய்கறியும் போட்டார்கள், உரக்குழி தோண்டினார்கள். கூலிக்கு வெளியூர் போனவர்கள் தங்கள் ஊரிலேயே தங்கள் கூட்டு நிலத்தில் வேலை செய்தார்கள்.

பனஸ்கந்தா என்ற வறண்ட மாவட்டத்திலும் இதே மாதிரி குழுக்கள் வந்தன. அங்கே அடித்தளமாக இருந்தவை டுவாக்ரா குழுக்கள். நம்ம கூட்டமைப்பின் மூத்த உறுப்பினர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும், சுய உதவிக் குழு என்ற பெயர் வருவதற்கு முன்னால் இங்கேயும் அதுதான்.

வேலைக்குப் போகிற தாய்க்குக் கைக்குழந்தை ஒரு கவலை. கேடாவில் புகையிலை வேலைக்குப் போன பெண்கள் குழந்தையையும் அந்தத் தூசிக்குள்ளேதான் தூக்கிப்போனார்கள், இல்லாவிட்டால் மூத்த பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தார்கள். அதற்காகக் குழந்தைக் காப்பகங்களும் கூட்டுறவாகவே வந்தன. தாய்க்கு வேலை நாள் கூடியது, குழந்தைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது, அக்காள் பள்ளிக்கூடம் போனாள். இதில் எது பொருளாதாரம், எது உடல்நலம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

மருத்துவச்சிகள் வைத்த சங்கம்

1990-ல் ஊர் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து 'லோக் ஸ்வாஸ்த்ய' என்ற உடல்நலக் கூட்டுறவைப் பதிவு செய்தார்கள். பெயருக்கு மக்கள் ஆரோக்கியம் என்று அர்த்தம். பால் சங்கம் பால் விற்கும், நெசவுச் சங்கம் துணி விற்கும், உடல்நலச் சங்கம் எதை விற்கும் என்று கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் குறைந்த விலையில் மருந்துக் கடை நடத்தினார்கள், சுகாதாரக் கல்வி கொடுத்தார்கள், நோயாளியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். 1992-ல் இப்படிப்பட்ட பெண்கள் கூட்டுறவுகள் எல்லாம் சேர்ந்து மாநில அளவில் ஒரு கூட்டமைப்பை அமைத்தன. குழுக்கள் சேர்ந்து நம் கூட்டமைப்பு உண்டானது போலத்தான் அதுவும்.

அதே வருஷம் காப்பீடும் வந்தது. வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, இறப்புக்கு, சொத்து இழப்புக்கு உதவி. பில்களை வருஷக்கணக்காகச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வயது வந்த பெண்கள் ஆஸ்பத்திரிச் செலவு கேட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை. அதிலும் நாற்பது வயது ஆகாதவர்கள் நிறையப் பேர். வெள்ளைப்படுதல், அதிக உதிரப்போக்கு என்று போனவர்களுக்கு மருந்தில் சரியாகுமா என்று பார்க்காமலே எடுத்துவிடுவதும் நடந்திருக்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தால் மாதவிடாய் முற்றும் பருவத்து உடல் மாற்றங்கள் சீக்கிரமே வந்துவிடும், எலும்பும் பலவீனமாகும். வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பில் கணக்கில் இதைக் கண்டுபிடித்த பிறகு, அறுவை சிகிச்சைக்கு முன் வேறு வழி உண்டா என்று கேட்கச் சொல்லி ஊர்களில் பேச ஆரம்பித்தார்கள்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்று நம் கூட்டங்களிலும் சொல்வது காதில் விழுகிறது. எடுத்தே ஆக வேண்டிய நோயும் உண்டு, அதற்குத் தயங்கக் கூடாது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் கேட்பது நம் உரிமை.

நம் ஊருக்கு வந்த வழி

தமிழ்நாட்டிலும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1978-ல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கினார். 1981-ல் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று கடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியை நாடு அளவில் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் வழி திறந்தது. அங்கிருந்துதான் நம் குழுக்களும் இந்தக் கூட்டமைப்பும்.

உடல்நலமும் குழு வழியாக வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். அப்படி ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்தால், அவர் நம்மில் ஒருத்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் போக வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால் அதில் பத்துப் பேருக்கு இருக்கலாம் என்று அர்த்தம். மூச்சு வாங்குது, தலை சுத்துது என்று உட்கார்ந்துவிடுகிறவளைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்யக்கூடியது

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு மலரை மூடி வைத்தால் பலன் இல்லை. நம் கையில் இருக்கிற மூன்று காரியங்களைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசலாம் என்று தோன்றுகிறது.

முதலில், பால் சொசைட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டை நீங்கள் பார்த்துக்கொண்டு புத்தகம் வேறு பெயரில் இருந்தால், உறுப்பினராகச் சேர என்ன வழி என்று சொசைட்டியில் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவாகப் போங்கள். கறந்த பால் முழுவதையும் ஊற்றிவிட்டு வரக்காப்பி குடிக்கிற வழக்கத்தையும் விடணும். வீட்டுக்கு ஒரு டம்ளர் எடுத்து வைத்த பிறகு மிச்சத்தை ஊற்றலாம்.

இரண்டாவது, குழுச் சேமிப்பில் ஒரு சிறு பங்கை ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று தனியாக வைக்கலாம். நடு ராத்திரியில் பிரசவ வலி வந்தாலோ குழந்தைக்கு ஜுரம் கண்டாலோ தண்டல்காரர் வாசலுக்குப் போகாமல் குழுத் தலைவி வாசலுக்கு வரலாம். யார் கையில் இருக்கும், எவ்வளவு வரை கொடுக்கலாம், எப்போது திருப்பணும் என்பதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வைத்தால் பின்னால் சண்டை வராது.

மூன்றாவது, தவணை நின்றால் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்காமல், இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்கணும். நோட்டில் "பாக்கி" என்பதற்குப் பக்கத்தில் "காரணம்" என்று ஒரு பத்தி போடலாம். யாருக்கு என்ன நோய் என்று அதில் எழுத வேண்டாம், அது அவளுடைய சொந்த விஷயம். உடம்பு, வேலை இல்லை, மாடு இறந்தது, வேறு என்று நான்கில் ஒன்றைக் குறித்தால் போதும். வருஷக் கடைசியில் எல்லாக் குழுக்களின் நோட்டையும் கூட்டமைப்பில் சேர்த்துப் பார்த்தால், நம் பகுதியில் பெண்களின் பணத்தை எது தின்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிக்கும் போய்ப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வரும் நிதியாண்டு முதல் இதைத் தொடங்கலாமா என்று உங்கள் குழுவில் பேசி, பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்குச் சொல்லி அனுப்புங்கள்.